அப்பாயிண்ட்மெண்ட் கார்டு இருக்கிறது, லீவுதான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் ஒரு முதலாளி எழுதியிருந்ததைப் படித்தேன். தொழிலாளர்கள் சும்மா சும்மா எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுக்கிறார்கள், இப்படிப்பட்ட எம்சி ராஜாக்களை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் நடத்துவது என்று கேட்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் லைனில் எத்தனை பேருக்குத் திடீர்க் காய்ச்சல் வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எம்சியே கிடைக்காமல் சிகிச்சைக்குப் போய்வருகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

வீடு பட்டர்வொர்த்தில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிற பாயான் லெப்பாஸில், ஒரு தொழிற்சாலையில். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை, சில வாரம் நைட் ஷிப்ட். சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வந்தபிறகு டாக்டரைப் பார்க்க ஒரு நாள், வருடத்துக்கு ஒரு தடவையாவது கண், கால், சிறுநீர்ப் பரிசோதனை, இடையில் மருந்து தீர்ந்தால் அதற்கு ஒரு நடை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) பார்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சிக்கல் வெளியே வந்தபிறகுதான். காய்ச்சல் என்று போனால் எம்சி கிடைக்கும், தொடர் சிகிச்சைக்குப் போனால் பெரும்பாலும் டைம் ஸ்லிப்தான். இத்தனை மணிக்கு வந்தார், இத்தனை மணிக்குப் போனார் என்று ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது? மதியம் பாலம் தாண்டிப் போய் நின்றால் என் மெஷினில் வேறு ஆள் இருப்பார். அதனால் வருட லீவில் ஒரு நாள் போகும், அது தீர்ந்தால் சம்பளமில்லாத லீவு, கூடவே அந்த மாத அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் போய்விடும். கண் பரிசோதனை இன்னும் மோசம். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்கிறார்கள், அப்புறம் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, மோட்டார் ஓட்டக்கூடாது. என் வேலையோ மைக்ராஸ்கோப்பில் சின்னச் சின்ன பாகங்களைப் பார்த்துக் குறையுள்ளதைக் கழிப்பது! அதற்கும் டைம் ஸ்லிப்தான் தந்தார்கள்.

சட்டம் நோயாளியைக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல வரவில்லை. 1955ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத்தின்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் என்றால் 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 தனிக் கணக்கு, முன்பு எல்லாம் சேர்த்தே 60தான். ஆனால் இதெல்லாம் படுத்துவிட்டவருக்கு. படுக்காமல் இருப்பதற்காகப் போகிறவரைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி இல்லை.

முதலாளிகள் இதையும் யோசித்துப் பார்க்கட்டும். எம்சி சொல்லிக்கொண்டு வருவதில்லை, காலையில் போன் அடித்த பிறகுதான் சூப்பர்வைசர் ஆள் தேடி ஓடுவார். என் அப்பாயிண்ட்மெண்ட் கார்டில் மூன்று மாதம், ஆறு மாதம் முன்பே தேதி எழுதியிருக்கும். ஆள் ஏற்பாடு செய்ய அவ்வளவு அவகாசம் இருக்கும்போது அதற்குச் சம்பளம் இல்லை, திடீரென்று வருவதற்குச் சம்பளம் உண்டு. இது என்ன கணக்கோ!

இதனால் என்ன நடக்கிறது என்றால், அலவன்ஸ் போய்விடுமே என்று பலர் அப்பாயிண்ட்மெண்ட்டைத் தள்ளிப் போடுகிறார்கள். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் நம் இந்தியர்களிடையே மற்றவர்களைவிட அதிகம். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் போய் நிற்கும், டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். செலவுக்குத் தகுதியுள்ள சந்தாதாரர்களுக்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவுகிறது, நல்லதுதான். ஆனால் அந்த நிலைக்கு வந்தவரை எந்த ஷிப்டில் போடுவார்கள்?

வேலை நேரத்தையோ வேலை நாளையோ மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க அதே தொழிலாளர் சட்டத்தின் 60P பிரிவில் இப்போது இடமிருக்கிறது. வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும், எழுத்தில் கொடுங்கள். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை, அதுதான் அதன் பலவீனம்.

ஆகவே மனிதவள அமைச்சுக்கு என் வேண்டுகோள்: நீண்ட கால நோய் உள்ளவர் இரண்டு வாரம் முன்பே கார்டைக் காட்டி, திரும்பி வந்து டைம் ஸ்லிப்பையும் கொடுத்தால், அந்த நேரத்துக்குச் சம்பளமும் அலவன்ஸும் வெட்டக்கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள். எங்கள் பக்கமும் கடமை இருக்கிறது. கார்டு கிடைத்த அன்றே சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும், மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதி இருக்கும்போது அதற்கென்று ஒரு நாள் லீவு கேட்கக்கூடாது. நான் இல்லாத நேரத்தில் என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது பக்கத்து மெஷின்காரர்தான், அவரும் மனிதர்.

அந்த முதலாளிக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் அட்டவணையை இரண்டு வாரம் முன்புதான் ஒட்டுகிறார்கள். மூன்று மாத அட்டவணையை முன்கூட்டியே கொடுத்தால் கிளினிக் கவுண்டரில் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேட்டு ஓய்வு நாளாகப் பார்த்துத் தேதி வாங்கிவிடுவோம். உங்கள் தொழிற்சாலையிலும் இதைச் செய்யலாம், சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தொழிற்சாலை ஊழியர், பட்டர்வொர்த்