இரவு மாத்திரை

அன்புள்ள சேகர்,

நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய் என்று படித்ததும் பதறிவிட்டேன். ஈ.சி.ஜி.யில் கோளாறில்லை, எண்டோஸ்கோப்பியில்தான் உணவுக்குழாயில் புண் தெரிந்தது என்ற வரிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

படுக்கப் போகும்போது டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். வினை அங்கேதான். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். நடுவழியில் மகாதமனியின், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின், வளைவு அதை லேசாக அழுத்திக்கொண்டு போகிறது. மாத்திரைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சிக்கும். கேப்சூலின் ஜெலட்டின் உறை ஈரம் பட்டால் பசைபோல ஒட்டும். டாக்ஸிசைக்ளின் கரைந்தாலோ அமிலம். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு, விழுங்குவதும் குறைவு. ராத்திரி முழுக்க அது ஒரே இடத்தில் கிடந்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்? சிக்கியது பல பேருக்குத் தெரிவதே இல்லை.

டாக்டர் மருந்தை மாற்றியது நல்லது. நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் ரத்தமாக வாந்தி வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, எச்சில்கூட இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

இது டாக்ஸிசைக்ளின் மட்டும் செய்கிற வேலை இல்லை. ஆஸ்பிரின், இபுபுரோஃபென், இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் குளோரைடு எல்லாமே இந்தக் கூட்டம்தான். எனக்குக் கோபம் மருந்துச் சீட்டின் மேல். ‘இரவு ஒன்று’ என்று எழுதுகிறவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரோடு, படுப்பதற்கு அரைமணி முன்னால் என்று சேர்த்து எழுதினால் பேனா மை தீர்ந்துவிடுமா?

அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் ஆரம்பித்திருக்கிறார்கள். அதுவும் இந்தக் கூட்டம்தான். வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. அம்மா அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறாள். அந்த அரைமணி நேரமும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் வேலை வாங்குகிறாள்.

புண் ஆறும்வரை சூடு, காரம், புளிப்பு எதுவும் வேண்டாம். மாற்றித் தந்த மருந்தின் பெயரை எழுது. விழுங்கும்போது வலி குறைந்திருக்கிறதா என்றும் சொல்.

அன்புடன்,
ரவி