பாக்கெட்டில் அச்சாகும் ஹார்மோன் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேளாண் பக்கத்தில், உயிர் உரமாகப் பயன்படும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பா நாற்று விடும் நேரத்தில் உயிர் உரத்தைப் பற்றி இவ்வளவு இடம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவே கட்டம் கட்டிப் போட்டிருந்த அந்த ஒற்றை எண்தான் என்னை எழுத வைத்தது. இந்த ரக பாக்டீரியா ஒரு மில்லிக்கு இத்தனை மைக்ரோகிராம் ஐ.ஏ.ஏ. (இண்டோல் அசிட்டிக் அமிலம்) என்ற வேரைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கிறது, அதனால் வேர் அந்த அளவுக்குக் கூடுதலாக ஓடும் என்று போட்டிருந்தீர்கள். அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு வேளாண் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இதே எண்ணை எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவள் நான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

வேரை ஒட்டி வாழும் பாக்டீரியா ஹார்மோன் சுரக்கிறது என்பது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதுதான் அசோஸ்பைரில்லத்தின் வேலை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1979-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் அதைக் கம்புப் பயிரில் போட்டுப் பார்த்தபோது பக்கவேர்கள் கூடின, பக்கவேர் முழுக்க வேர்த்தூவி அடர்ந்து முளைத்தது. பிறகு பாக்டீரியாவே இல்லாமல் ஐ.ஏ.ஏ., ஜிப்ரெலின், சைட்டோகைனின் என்ற மூன்று பயிர் ஹார்மோன்களையும் கலந்து கொடுத்தார்கள். ஏறக்குறைய அதே மாதிரி வேர் வந்தது. 1999-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் கோதுமையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐ.ஏ.ஏ. தயாரிக்க முக்கியமான ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்த அசோஸ்பைரில்லத்தைக் கோதுமை வேருக்குக் கொடுத்தபோது, வேரில் வழக்கமாக வரும் மாற்றம் வரவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த சோதனைகளில் அழகானது அதுதான்.

ஆகவே என் குறை ஹார்மோன் மேல் இல்லை, அதை அளக்கும் விதத்தின் மேல்தான்.

நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் நடப்பது சால்கோவ்ஸ்கி சோதனை. பாக்டீரியாவைத் திரவ ஊடகத்தில், அதாவது சத்துக் கரைசலில், வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு மில்லி எடுக்க வேண்டும். ஃபெரிக் குளோரைடையும் 35 சதவீத பெர்குளோரிக் அமிலத்தையும் கலந்த மஞ்சள் கரைசலில் இரண்டு மில்லியை அதில் விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். ஐ.ஏ.ஏ. இருந்தால் கரைசல் ரோஸ் நிறமாக மாறும். நிறையவே இருந்தால் செம்பருத்திப்பூ ஊறிய தண்ணீர் போல ஆகிவிடும். அந்த நிறத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 530 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, சுத்தமான ஐ.ஏ.ஏ.வைத் தெரிந்த அளவுகளில் வைத்துப் போட்ட கோட்டோடு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும். மலிவான சோதனை, ஒரே நாளில் முப்பது நாற்பது ரகங்களைப் பார்த்துவிடலாம். எது சுரக்கிறது, எது சுரக்கவில்லை என்று சலித்தெடுக்க இதைவிட வசதியான வழி இல்லை.

ஆனால் அந்த ரோஸ் நிறம் ஐ.ஏ.ஏ.வுக்கு மட்டும் வருவதில்லை. ஐ.ஏ.ஏ.வின் உறவுக்காரப் பொருள்களான இண்டோல் பைருவிக் அமிலம், இண்டோல் அசிட்டமைடு இரண்டுமே சால்கோவ்ஸ்கி கரைசலோடு சேர்ந்து நிறம் கொடுக்கும் என்று 1995-இலேயே காட்டிவிட்டார்கள். அசோஸ்பைரில்லம் ஐ.ஏ.ஏ.வைத் தயாரிக்கும் முக்கிய வழியே இண்டோல் பைருவிக் அமிலம் வழியாகத்தான். பாதி வழியில் நிற்கும் சரக்கும் சேர்ந்துதான் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை ஐ.ஏ.ஏ. என்று அச்சடிப்பது சரியா?

அடுத்தது டிரிப்டோஃபேன். பாக்டீரியா ஐ.ஏ.ஏ. தயாரிக்கப் பெரும்பாலும் இந்த அமினோ அமிலம்தான் மூலப்பொருள். சோதனை செய்பவர்கள் ஊடகத்தில் அதை வெளியிலிருந்து சேர்ப்பார்கள். ஒருவர் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் போடுவார், இன்னொருவர் 500, வேறொருவர் 1000. நான் மேலே சொன்ன கம்பு ஆய்விலேயே, டிரிப்டோஃபேனை 1 மைக்ரோகிராமிலிருந்து 100 வரை கூட்டக் கூட்ட ஐ.ஏ.ஏ.வும் கூடிக்கொண்டே போனது. வயலில் நெல் வேர் கசியவிடும் டிரிப்டோஃபேன் இந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. குடுவையில் வாரி ஊட்டி எடுத்த எண்ணை வயலுக்குச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. பாக்டீரியா போடாத, டிரிப்டோஃபேன் மட்டும் சேர்த்த ஊடகத்தைப் பூஜ்யமாக வைத்து அளந்தார்களா, வெறும் தண்ணீரை வைத்து அளந்தார்களா என்பது. தண்ணீரை வைத்தால் ஊடகத்தின் நிறமும் கணக்கில் ஏறிவிடும்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்தானே என்று தோன்றலாம். என் தம்பி பாபநாசம் பக்கம் சம்பா போடுகிறான். உரக்கடையில் நின்றுகொண்டு போன் செய்தான். “அக்கா, ஒரு பாட்டில்ல ஐ.ஏ.ஏ. 80-ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 30-தான். 80 விலை கூட. எதை வாங்கட்டும்?” இரண்டிலும் எப்படி அளந்தார்கள் என்று போட்டிருக்கிறதா பார் என்றேன். இரண்டிலும் இல்லை. அவன் கேட்டதில் தப்பே இல்லை. எண்ணைப் போட்டால் பெரிய எண் நல்லது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

பெரிய எண் நல்லதா என்பதும் தனிக் கேள்வி. ஐ.ஏ.ஏ. சேர்ந்த ஆக்சின் வகை ஹார்மோன் ஓர் அளவு வரை வேரைத் தூண்டும், அளவு மீறினால் முதன்மை வேரின் நீளத்தையே குறைத்துவிடும். ஜிப்ரெலினை உலகம் தெரிந்துகொண்டதே நெற்பயிரின் ஒரு நோயால்தான். பூஞ்சை சுரந்த ஜிப்ரெலினால் நாற்று வெளிறி, ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து, பிறகு காய்ந்துபோகும். இது பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளின் வேலை என்று 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். ஹார்மோன் கூடக் கூட விளைச்சல் கூடும் என்ற கணக்கு எங்கேயும் இல்லை.

சரி, ஒழுங்காக அளக்க வழி இல்லையா? இருக்கிறது. தெளிந்த நீரை அமிலமாக்கி, எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டினால் ஐ.ஏ.ஏ. தனியாகவும் அதன் உறவுக்காரப் பொருள்கள் தனியாகவும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். கூடவே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் வந்தது எது என்று உறுதியாகத் தெரியும். அடையாளத்துக்காகக் கன ஹைட்ரஜன் ஏற்றிய ஐ.ஏ.ஏ.வைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்துவிட்டால், பிரித்தெடுக்கும்போது எவ்வளவு வீணானது என்பதும் கணக்கில் வந்துவிடும். ஜிப்ரெலினுக்கும் சைட்டோகைனினுக்கும் இந்த வழி கட்டாயம் தேவை, ஏனென்றால் அவை மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். ஜிப்ரெலினை 254 நானோமீட்டரில் வெறுமனே அளந்து எண் போடும் ஆய்வேடுகளை இன்றும் பார்க்கிறேன். அந்த அலைநீளத்தில் ஊடகத்தில் கிடக்கும் என்னென்னவோ ஒளியை உறிஞ்சும். மாணவர்கள் பாவம், இருக்கிற கருவியை வைத்துச் செய்கிறார்கள். வழிகாட்டிகள்தான் தடுக்க வேண்டும்.

மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அசோஸ்பைரில்லத்துக்குக் கேட்பது உயிருள்ள செல்களின் எண்ணிக்கை. பொடியானால் கிராமுக்கு 5 கோடி, திரவமானால் மில்லிக்கு 10 கோடி. தழைச்சத்து இல்லாத ஊடகத்தில் வெள்ளை ஏடு கட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். ஹார்மோன் அளவு அதில் வராது. அதனால்தான் பாட்டிலில் யார் எந்த எண்ணைப் போட்டாலும் கேட்பாரில்லை.

வேளாண் துறைக்கு என் வேண்டுகோள்: ஹார்மோன் எண் போட விரும்பும் நிறுவனம், எந்த முறையில் அளந்தது, எவ்வளவு டிரிப்டோஃபேன் சேர்த்தது என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும் என்று விதி கொண்டு வாருங்கள். சால்கோவ்ஸ்கி முறையில் எடுத்த எண்ணென்றால் “ஐ.ஏ.ஏ. போன்ற பொருள்கள்” என்றே போடட்டும். உங்கள் வேளாண் பக்கமும் இனி இப்படி ஓர் எண் வந்தால் இவற்றைக் கேட்டுவிட்டு வெளியிட வேண்டும். அது வரை கடையில் வாங்குபவர்கள் செல் எண்ணிக்கையையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பாட்டில் வெயிலில் அடுக்கி வைத்திருந்ததா என்றும் பாருங்கள். தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்.