பனைக்குக் கன்று இல்லை, வடலிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை நெருங்கினால் ஊர்தோறும் பனை நடும் செய்திகள் வருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் பல செய்திகளில் ‘பனங்கன்றுகள் நட்டனர்’ என்றே வருகிறது. நட்டவை விதைகள். முளைத்து ஓலை விட்ட இளம் பனைக்கு வடலி என்று பெயர். நாகர்கோவிலில் வடலிவிளை, யாழ்ப்பாணத்தில் வடலியடைப்பு என்று ஊர்ப்பெயரிலேயே நிற்கும் சொல் அது.

கன்று என்று படிப்பவர், தோண்டியெடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்று நினைப்பார். வாழைக்கு அது சரி. தாய்க்கிழங்கிலிருந்து பெயர்த்த கன்றைத்தான் நடுகிறோம். அதிலும் இலை ஒடுங்கிய வாள்கன்றாகப் பார்த்து எடுக்கிறோம். தென்னம்பிள்ளையும் இடம் மாறும். 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 ஓலை, கழுத்தில் 10 செ.மீ. சுற்றளவு இருந்தால் நல்ல பிள்ளை.

பனையின் போக்கே வேறு. கொட்டையிலிருந்து கிளம்பும் முளை மேலே வராது, நேரே மண்ணுக்குள் இறங்கும். ஆழத்தில் கிழங்கு திரண்ட பிறகுதான் குருத்து மேலே ஏறும். முதல் ஓலை வெளியே தெரியச் சில மாதங்கள் ஆகும். அதுவும் விசிறியாக இராது. புல்லைப் போல ஒற்றை நாக்காக நீளும். கோரை என்று நினைத்துக் களையோடு செதுக்கிவிடுகிறார்கள். வடலியைத் தோண்டினால் கிழங்கு அறுபட்டுப் பட்டுப்போகும். பையில் முளைக்க வைத்தாலோ, முளை அடியைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போய்விடும். பையைத் தூக்கும்போது ஒடிந்துவிடும்.

ஆகவே விதையை நிலைத்து நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தின் கொட்டை, 10 அடி இடைவெளி, இறுகிய மண்ணானால் குழியைச் சற்று ஆழமாகக் கொத்தி இளக்கிவிடுவது, இவை போதும். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டுமென்றால் தனியாகப் பாத்தி போடட்டும்; மரத்துக்கு ஊன்றிய விதையில் கிழங்கு பிடுங்கினால் அந்த மரம் போயிற்று.

நட்ட அன்று ‘பனை விதை’ என்றும், ஓலை விட்டபின் ‘வடலி’ என்றும் எழுதுங்கள். இரண்டாம் ஆண்டில் அதே இடத்துக்கு நிருபரை அனுப்பி, எத்தனை வடலி நிற்கிறது என்று எண்ணி அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்செந்தூர்