தொட்டியில் நின்ற மழைத்தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இறைச்சி மாடு வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு என்று எதையும் விடாமல் எழுதியவர், குளிர்காலத் தீவனத்தை 'நன்றாகக் கொடுக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில், எங்கள் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் வடக்கில் மாடு மெலிவதே அந்த இடத்தில்தான்.

டண்டி பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலம் புளிப்புப் புல்; 'சவர்வெல்ட்' என்பார்கள். கோடையில் மாடு விரும்பித் தின்னும். மே மாதம், எங்களுக்குக் குளிர்காலம் தொடங்கி உறைபனி விழுந்ததும் சத்தெல்லாம் வேருக்கு இறங்கிவிடும், மேலே நிற்பது வெறும் சக்கை. புரதம் 3, 4 சதவீதத்துக்கு வந்துவிடும். 7 சதவீதமாவது இருந்தால்தான் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கும். முழங்கால் உயரப் புல்லில் நின்றபடியே மாடு பட்டினி கிடக்கும். அதற்குப் புழு மருந்து ஊற்றி என்ன பயன்?

மெலிந்து ஈன்ற பசு சீக்கிரம் பருவத்துக்கு வராது. சினைக்காலம் 283 நாள். வருடம் ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். ஜூலையில் இடுப்பெலும்பு துருத்தினால் அடுத்த வருடக் கன்று போச்சு. (பொங்கலுக்குப் பொட்டு வைத்துவிட்டு லாரியிலும் ஏற்றுகிறாயே என்று அத்தை இன்றும் கேட்பார். என்னிடம் பதில் இல்லை.)

கோடையில் வேறு குறை, பாஸ்பரஸ். மண்ணிலேயே இல்லாததால் மாடு செத்த மாட்டின் எலும்பைக் கடிக்கும்; அதிலுள்ள நஞ்சால் முடங்கிச் சாகும். 1908இல் ஆண்டர்ஸ்டேபோர்ட் கால்நடை ஆய்வுக்கூடத்தை நிறுவிய அர்னால்ட் தெய்லர்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர். இவர் மகன் மாக்ஸ் தெய்லர்தான் 1951இல் மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கியவர்.

குளிர்காலத்துக்கு வருகிறேன். உப்பு, கரும்புப்பாகு, சோளமாவு, யூரியா கலந்து, மாடு நக்கித் தின்னும் 'லிக்' என்ற கலவையைத் தொட்டியில் வைப்போம். இரைப்பை நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். உப்பு அதிகம் போடுவது மாடு ஒரே மூச்சில் தின்றுவிடாமல் இருக்க. அளவு தப்பினால் யூரியா விஷம்.

நான் பட்டேன். ஒரு ஆகஸ்ட் கடைசியில், யாரும் எதிர்பாராத மழை. இரவெல்லாம் லிக் தொட்டியில் தண்ணீர் நின்று யூரியா கரைந்துவிட்டது. காலையில் மூன்று பசுக்கள் அதைக் குடித்தன. அரைமணி நேரத்தில் நடுக்கம், வாயில் நுரை, வயிறு உப்புசம். மாடு மேய்க்கும் ஜூலு பெரியவர்தான் 'வினிகர், வினிகர்' என்று கத்தியபடி ஓடிவந்தார். சமையலறையில் இருந்தது அரை பாட்டில். ஒரு மாட்டுக்கே இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும், கூடவே வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீர். பக்கத்துப் பண்ணையிலிருந்து கேன் வருவதற்குள் இரண்டு போய்விட்டன.

இப்போது தொட்டிக்கு மேலே தகரக் கூரை, அடியில் ஓட்டைகள். கொட்டகையில் எப்போதும் ஐந்து லிட்டர் வினிகர் கேன் இரண்டு இருக்கும். மாங்காய் ஊறுகாய்க்கு என்று மனைவி கேட்டாலும் தருவதில்லை.

இப்படிக்கு,
ஒரு மாட்டுப் பண்ணைக்காரர்,
டண்டி, தென்னாப்பிரிக்கா.