கால் நோகுது என்று பிள்ளை சொன்னால்

அன்பான பெற்றோருக்கு,

போன திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு வந்த தரம் 4 பிள்ளை ஒருவன் குதிக்காலை நிலத்தில் ஊன்றாமல், சுடுமணலில் நடக்கிறவன் மாதிரி நுனிவிரலில் எட்டி எட்டி நடந்தான். பகிடி விடுகிறான் என்று நினைத்து நான் ஒரு அதட்டு அதட்டினேன். அவன் அழுதுகொண்டு "கால் நோகுது சேர்" என்று இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக் காட்டினான். கிழமை முழுக்கத் தடிமன், இருமல், காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தவனாம், முதல்நாள்தான் காய்ச்சல் விட்டிருக்கிறது. அதட்டியது என் பிழை, அவனிடமே சொல்லிவிட்டேன்.

அவனுக்கு வந்தது பயப்படும் நோய் இல்லை. இன்புளுவென்சா, அதிலும் பி வகை, மாறுகிற நேரத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் தசை அழன்று நோவது உண்டு. காலையில் எழும்பி நடக்கவே மாட்டேன் என்பார்கள். ஓய்வும், நிறையக் குடிக்கக் கொடுப்பதும், அளவான பனடோலும் போதும், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் ஓடித் திரிவார்கள். எண்ணெய் போட்டு இறுக்கி உருவ வேண்டாம் (அம்மம்மாமார் கோபிக்கக் கூடாது). ஆனால் சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அது சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் இந்தக் கடிதம்? இது மாரிகாலம், கால் நோவும் காய்ச்சலும் எங்கள் ஊரில் வேறு இரண்டு நோய்க்கும் வரும்.

ஒன்று எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் இறந்தபோது என்ன நோயோ என்று ஊரே பயந்துபோனது, பிறகு பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளம், வயல் சேறு, காலில் சின்னக் கீறல், இவ்வளவு போதும். சேற்றில் நின்று ஒன்றிரண்டு கிழமை கழித்தும் காய்ச்சல் வரலாம் என்பதால் வைத்தியரிடம் "பிள்ளை வெள்ளத்தில் விளையாடினது" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கெண்டைக்காலைத் தொட விடாத நோவு, கண் சிவப்பு, இருமல் சேர்ந்தால் சுணங்க வேண்டாம். வயலுக்குப் போகிறவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் தருகிற தடுப்புக் குளிசையை வீட்டில் இருக்கிறதே என்று பிள்ளைக்கும் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

மற்றது டெங்கு. இதில் உடம்பெல்லாம் முறிகிற மாதிரி நோகும், கண்ணுக்குப் பின்னாலும் நோகும், தடிமன் அவ்வளவாக இராது. நோவுக்கென்று அஸ்பிரின், புரூபன் கொடுத்துவிடாதீர்கள், இரத்தக் கசிவு கூடும். காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டது, பிள்ளைக்குச் சுகம் என்று நாங்கள் நினைக்கிற அந்த நாளில்தான் டெங்கு முற்றும். வயிற்றுநோவு, ஓயாத சத்தி, சோர்வு இருந்தால் ஓட்டோ பிடித்துப் போங்கள்.

ஒரு முழங்கால் மட்டும் வீங்கிச் சுட்டாலும், நோவில்லாமல் கால் பலமிழந்து துவண்டாலும், தொண்டைநோவு மாறி இரண்டு மூன்று கிழமையில் நோவு மூட்டுக்கு மூட்டு மாறினாலும் அதுவும் வைத்தியருக்குரியதுதான்.

வரவு குறையும், சோதினை வருகுது என்று காய்ச்சல் பிள்ளையைப் பனடோல் கொடுத்து அனுப்புகிறீர்கள், பத்து மணிக்கு மருந்தின் வேகம் குறைய அது மேசையில் தலை வைத்துப் படுக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். காலையிலேயே வகுப்பாசிரியருக்கு வட்ஸ்அப்பில் இன்றைக்குக் காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று ஒரு வரி போடுங்கள், விட்ட பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அதிபர்