ஒயின் பரிசுப் பெட்டியில் எது தேறும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டிறுதிப் பரிசுகள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, ஒன்பது சாமான்கள் கொண்ட ஒயின் பெட்டியைப் பரிந்துரைத்திருந்தது. அதில் பாதிக்கு மேல் அலமாரியில் தூசி படியத்தான் உதவும்.

முதலில் கார்க் திருகி, அதாவது பாட்டிலின் தக்கையை எடுக்கும் கருவி. இரு பக்கமும் கைகள்போல நெம்புகோல்கள் உள்ள பெரிய திருகி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மலிவானவற்றில் திருகு கம்பி, திருகாணிபோல நடுவில் கெட்டியாக இருக்கும். அது கார்க்கைத் துருவித் தூளாக்கிவிடும். சுருளின் நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நுழைந்தால் நல்ல கம்பி. உணவகப் பணியாளர்கள் பையில் வைத்திருக்கும் மடக்குத் திருகியே போதும்: ஐந்து சுற்றுக் கம்பி, இரண்டு படி நெம்புகோல். முதல் படியில் பாதி கார்க்கை எழுப்பி, இரண்டாம் படிக்கு மாற்றி நேராகத் தூக்க வேண்டும். ஒற்றைப் படி என்றால் கார்க் சாய்ந்து நடுவில் முறியும். கம்பி கார்க்கின் அடியைத் துளைத்தால் துணுக்குகள் ஒயினில் விழும்.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஒயின்தான் வாங்குகிறீர்களா? பெரும்பாலும் திருகு மூடி. இந்தச் செலவே வேண்டாம்.

மிச்சத்தைக் காக்கக் காற்றுறிஞ்சும் பம்பு என்கிறது கட்டுரை. அது முழுக் காற்றையும் எடுக்காது, ரப்பர் மூடியும் மெல்லக் கசியும். அதைவிட, திருகு மூடியுள்ள 375 மில்லி காலிப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். 750 மில்லி பாட்டிலைத் திறந்தவுடனேயே அந்தச் சிறு பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம்போலத் தாங்கும். குடித்து முடித்தபின் ஊற்றினால் அதற்குள் காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும்.

“சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறலாம்” என்ற வரிதான் பெரிய தவறு. அது ஐரோப்பியக் குளிர் வீடுகளின் கணக்கு, 16 முதல் 18 டிகிரி. நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் 29 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் சிவப்புக்குப் பத்து நிமிடம், வெள்ளைக்கு இருபது. வெறும் ஐஸில் கட்டிகளுக்கிடையே காற்று நிற்பதால் தாமதமாகும். சமையலறை வாளியே போதும்.

நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் தனி மூடி வாங்கலாம். திறக்காத பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும்; திறந்தபின்னும் வாயு மூடியைத் தள்ளுவதால், கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் இரு கொக்கி மூடியே நிற்கும். அந்தப் பாட்டிலில் பம்பை வைத்தால் நுரையைத்தான் உறிஞ்சும்.

— வாசகர், சிங்கப்பூர்