ஆண்டர்சன் தெருவிலிருந்து அம்பத்தூருக்கு

அன்புள்ள நண்பா,

நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே ஆடி மாதம், ஆவணி முகூர்த்தக் கூட்டம் இன்னும் வரவில்லை. கூழ் வார்க்கும் நோட்டீசும் அம்மன் கோயில் ரசீதுப் புத்தகமும்தான் நம் அச்சு மெஷினில் ஓடுகின்றன. அதனால் கடையில் உட்கார்ந்தே நிதானமாக எழுதுகிறேன்.

உன் பட்டறைக்கு வெப்சைட் போட உன் பையன் கொட்டேஷன் வாங்கிவிட்டான், டிசைன் செய்பவர் வந்ததும் "நீலமா பச்சையா?" என்று கேட்டார் என்று போனில் சொன்னாய். என்னிடமும் முதலில் நிறத்தைத்தான் கேட்டார்கள். நானும் பெரிய ரசிகன் மாதிரி மெரூன் என்றேன்.

என் கடைக்கு முதல் வெப்சைட் போட்டது 2019, உயர் நீதிமன்றம் மெட்ரோ ஸ்டேஷன் திறந்த வருஷம். முதல் பக்கத்தில் தாத்தா போட்டோ, கீழே "எங்கள் தொலைநோக்கு", அப்புறம் நிற்காமல் ஓடும் படங்கள். போன் நம்பர் எங்கோ மூன்றாவது பக்கத்தில். வருஷம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் எனக்கு இங்க் விற்க வந்தவர்!

இதைவிடக் கூத்து, அதிலிருந்த தமிழ். கம்ப்யூட்டரில் மேட்டர் அடிக்கும் நம் டிடிபி ஆட்கள் இன்னும் பழைய ஃபான்டில் அடிப்பவர்கள், எல்லா போனிலும் தெரிகிற யூனிகோட் எழுத்து கிடையாது. அப்படியே போட்டால் குப்பையாகத் தெரிகிறது என்று எல்லாவற்றையும் படமாக்கி ஒட்டிவிட்டார்கள். கூகுளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? போதாக்குறைக்கு நாங்கள் எழுதியிருந்தது "திருமண அழைப்பிதழ்". கடைக்கு வருகிற யார் அப்படிக் கேட்கிறார்கள்? "கல்யாணப் பத்திரிகை", இல்லையென்றால் "மேரேஜ் கார்டு".

பிறகு ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, ஒரு மாதம் போனில் வந்த கேள்விகளை எல்லாம் எழுதினேன். முந்நூறு கார்டு என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும், ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா, காரை எங்கே நிறுத்துவது. திரும்பத் திரும்ப இவைதான். கேட்டவர்களும் இரண்டே வகை. ஒன்று, நேரில் வந்து தாளைத் தடவிப் பார்க்கிற பெண்ணின் அப்பா. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து ராத்திரியில் போனிலேயே டிசைன் தேர்வு செய்கிற மகள். ஆன்லைனில் ஆர்டர், பேமென்ட் எதுவும் இவர்களுக்கு வேண்டாம் என்று அப்போதுதான் உறைத்தது. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும், மீதியை நான் பேசி முடித்துவிடுவேன். அந்த ஒரு மெசேஜுக்காகவே பக்கத்தைத் திருப்பிக் கட்டினோம். தாத்தா இப்போது கடைசியில் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் என் நோட்டைப் பார்த்து நீ எழுதிவிடாதே. கம்ப்யூட்டர் மெஷினில் உலோக பார்ட் கடையும் உன் சிஎன்சி பட்டறைக்கு வேண்டியது ஊர் முழுக்க அல்ல, பத்துப் பதினைந்து கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆபீசர்கள். அப்படி ஒருவர் மேஜையில் ஏற்கெனவே நாலு கொட்டேஷன் கிடக்கும், உன்னைச் சேர்ப்பதா விடுவதா என்றுதான் பார்க்கிறார். அவர் கண் தேடுவது உன் மெஷின் பட்டியல், அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் விட்டம் பிடிக்கும், அளவுப் பிசகை எத்தனை மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிறுத்துவாய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பித்தளை, அலுமினியம் எல்லாம் ஓட்டுவாயா, அளந்து பார்க்க என்னென்ன கருவி வைத்திருக்கிறாய், ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ் இருக்கிறதா, ஜிஎஸ்டி எண் என்ன. "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதினால் அவர் படிக்கக்கூட மாட்டார். தமிழ் வெறியனான நானே சொல்கிறேன், உன் பக்கம் இங்கிலீஷில் இருக்கட்டும்.

அவர் கடைசியில் என்ன செய்ய வேண்டும்? தனக்கு வேண்டிய பார்ட்டின் டிராயிங்கை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஓர் இடம், "இத்தனை நாளில் விலை சொல்கிறோம்" என்று ஒரு வரி, சொன்ன நாளில் நிஜமாகவே பதில். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைக் காட்டி யாராவது மயக்கினால் மயங்காதே. மாதம் எத்தனை டிராயிங் வந்தது, அதில் எத்தனை ஆர்டரானது என்று மட்டும் பார்.

இன்னொன்று, வேறு கம்பெனிக்கு ஜாப் ஒர்க்காகச் செய்த பார்ட்டைப் போட்டோ எடுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கம்பெனியிடம் கேட்டுவிடு. டிராயிங் அவர்களுடையது, வம்பாகிவிடும். டொமைன் பெயரையும், அதாவது வெப்சைட் முகவரியையும், உன் பெயரில், உன் மெயிலில் பதிவு செய். எனக்குச் செய்து கொடுத்தவர் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் போனையே எடுக்கவில்லை. கடைசியில் வேறு பெயர்தான் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை பட்டறை லீவு விட்டதும் இந்தப் பக்கம் வா. விசாரித்துப் போன் செய்தவர்களையெல்லாம் குறித்து வைப்பாயே அந்தக் கறுப்பு டைரி, அதையும் கொண்டு வா. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். காசு நீ கொடு.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக் கூட்டாளி